பின்சீட்டில் தருண்

மார்ச் 10, ஞாயிறு, மைசூர்

மாவு புளிக்கவில்லை. இட்லியை விட்டுவிட்டு தோசையாக ஊற்றினேன். தருண் அறையை விட்டு வரவில்லை. டிசம்பரில் ரிங் ரோட்டில் நின்றுகொண்டிருந்த ஆட்டோ மேல் சைக்கிளோடு மோதி விழுந்ததிலிருந்து இப்படித்தான். கண்ணில் நோய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது; பக்கப்பார்வை முழுதும் போய்விட்டது. ஏதோ குழாய் வழியாகப் பார்ப்பது போல நேரே மட்டும் கொஞ்சம் தெரிகிறது. அதுவும் போய்விடும் என்கிறார் டாக்டர். எப்போது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். நீலகிரி முழுக்கத் தனியாக சைக்கிளில் சுற்றிய மனிதர்.

சாப்பாட்டு நேரத்துக்கு சேகரன் அண்ணன் வந்தார். தருணோடு வேலை பார்த்தவர், கூடவே சைக்கிள் ஓட்டியவர். ஒரு நீளமான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி பெடல்.

"இமயமலை, ஸ்பித்திப் பள்ளத்தாக்குன்னு உயிரை வாங்குவானே! நீ முன்னாடி ஓட்டும்மா. உன் வீட்டுக்காரன் பின்னாடி உக்காந்து மிதிக்கட்டும்."

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "நான் என்ன மூட்டையா, பின்னால கட்டிட்டுப் போறதுக்கு?"

மார்ச் 14

ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால், தருண் வாசலில் உட்கார்ந்து அந்த சைக்கிளைக் கையால் தடவிக்கொண்டிருக்கிறார். "பின் செயின் தொளதொளன்னு இருக்கு," என்றார். எனக்கு அதுவே போதும்.

மார்ச் 24

விழுந்தோம். ஹெப்பாள் ஏரிப் பக்கம் ஓட்டிப் பழகும்போது, இருவருமாக. என் முழங்கால் தோல் உரிந்துவிட்டது.

"மிதிக்கறதை நிறுத்தறதுக்கு முன்னால வாயைத் திறந்து சொல்லோணும் வினி. உன்ற கால் எனக்குத் தெரியுமா?"

"சொல்லத் தோணலீங்க."

"தோணோணும்."

கோபமாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பஞ்சும் டெட்டாலும் அவரே தேடி எடுத்து வந்தார்.

ஏப்ரல் 21

மார்டள்ளியிலிருந்து அம்மா போன். "கண்ணு தெரியாத மனுசனைக் கூட்டிட்டு இமயமலைக்குப் போறயா? கிறுக்கா புடிச்சிருக்குது உனக்கு?"

கொஞ்சம் தெரியும்போதே போய்விட வேண்டும் அம்மா, அதற்குத்தான் இந்த அவசரம் என்றேன். ஜூனுக்கு ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. அவர் பனிமலையை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அப்புறம் எது போனாலும் போகட்டும்.

ஜூன் 12, ரெக்காங் பியோ, இமாச்சலம்

சைக்கிள் பஸ் கூரையில் வந்து சேர்ந்தது. ஒரு கீறல் இல்லை. நாளை முதல் மிதிக்க வேண்டும். பயமாக இருக்கிறது – அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 15, நாகோ

இதை எப்படி எழுதுவது?

மரமே இல்லாத மலை. மணிக்கணக்காக ஆள் நடமாட்டம் இல்லை. வளைந்து வளைந்து ஏறி ஒருவழியாக ஊருக்கு வந்தோம். நடுவில் சின்ன ஏரி. அதற்குள் தலைகீழாகப் பனிமலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாருங்க, தண்ணிக்குள்ள மலையைப் பாருங்க!"

"ஆமா கண்ணு. பிரமாதம்."

திரும்பினேன். அவர் ஒரு கல்சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

கண் தெரிகிறதா என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு, "மே மாசத்துல இருந்து வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது. சொல்லியிருந்தா நீ டிக்கெட்டை ரத்து பண்ணியிருப்பே," என்றார்.

"அப்புறம் எதுக்கு வந்தீங்க? பாக்கறதுக்குத்தானே வந்தோம்!"

"நீ காட்டறதுக்கு வந்தே. நான் மிதிக்கறதுக்கு வந்தேன்."

வழியெல்லாம் எத்தனை தடவை அதோ பாருங்க, இதோ பாருங்கன்னு கத்தியிருப்பேன்! எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு தலையாட்டி... என்னை என்னன்னு நெனச்சார்?

ஜூன் 16, தாபோ

கியர். பள்ளம். பிரேக். நாள் முழுக்க இவ்வளவுதான் பேசினேன்.

வந்து படுத்தபிறகுதான் உறைத்தது. மே மாதத்திலிருந்து அந்த இருட்டில் ஒற்றை ஆளாக இருந்திருக்கிறார். பக்கத்திலேயே படுத்திருந்தேன், எனக்குத் தெரியவில்லை. நான் அவசரப்பட்டதெல்லாம் அவருக்காகவா? காட்டிவிட்டேன் என்ற நிம்மதி எனக்கு வேண்டியிருந்ததா?

போர்வைக்குள் அவர் கையைத் தேடிப் பிடித்தேன். விழித்துத்தான் இருந்தார். என் கையை இறுக்கிக்கொண்டார்.

ஜூன் 23, பாதல்

குன்சம் கணவாய் தாண்டி இறங்கினோம். மேலே மூச்சு வாங்கியது. அதைவிடக் கீழே வந்ததுதான் கஷ்டம். பனி உருகி, பாதைக்குக் குறுக்கே ஓடை இரைந்துகொண்டு போகிறது. சுற்றிலும் ஓர் உயிர் இல்லை. சைக்கிளை நிறுத்திவிட்டேன்.

"என்னால முடியாதுங்க. திரும்பிடலாம்."

"எந்தப் பக்கம் இழுக்குது தண்ணி?"

"இடது பக்கம்."

"அப்ப நான் இடது பக்கம் நிக்கறேன். கல் எங்க இருக்குதுன்னு நீ சொல்லு. விழாம நான் பாத்துக்கறேன்."

சைக்கிளை நடுவில் பிடித்துக்கொண்டு இறங்கினோம். தண்ணீர் முழங்காலுக்கு மேலே, எலும்பை அறுக்கிற குளிர். பாதியில் என் கால் வழுக்கியது. ஒரு கையால் சைக்கிளையும் மறுகையால் என் ஜாக்கெட்டையும் பிடித்து, தூண் மாதிரி நின்றார் அந்த மனிதர். "இருக்கேன், இருக்கேன். அடுத்த கல்லைச் சொல்லு."

கரையேறியதும் இருவருக்கும் பல் கிட்டித்துக்கொண்டது. அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம், ஏன் என்று தெரியாமலே. இப்போது சாலையோரத் தாபாக் கடையில் அடுப்புக்குப் பக்கத்தில் சாக்ஸ் காய்கிறது. தருண் மூன்றாவது கிளாஸ் டீ குடிக்கிறார்.

ஜூலை 15, மைசூர்

வெள்ளைக் கோல் பிடித்து நடக்கும் பயிற்சிக்கு இன்று முதல் போகிறார். விசாரித்தது அவரே.

செப்டம்பர் 4, புதன்

ஆபீஸ் கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்தபோது தருணிடமிருந்து போன். பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"எங்கீங்க இருக்கீங்க?"

"கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டு. ஹனூருக்கு, எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"யாரு கூட?"

"யாருமில்ல. கண்டக்டர்கிட்ட இறக்கிவிடச் சொல்லியிருக்கேன். பக்கத்து சீட்டுல லிங்கம்மான்னு ஒரு அம்மா, சாமராஜநகர்ப் பக்கமாம். 'தின்னப்பா, தின்னப்பா'ன்னு கடலைக்காயாக் குடுத்துத் தள்ளுது. வயிறு நெறஞ்சு போச்சு. உன்கிட்ட முன்னாடியே சொன்னா லீவு போட்டுட்டுக் கூட வந்திருப்பே."

வந்திருப்பேன்தான்.

"எப்பங்க திரும்பி வருவீங்க?"

"ரெண்டு நாள் இருந்துட்டு வரேன். சரி வை, பஸ் எடுக்கறாங்க."

வைத்துவிட்டேன். எதிரே இருந்த பெண், ஏன் அக்கா கண்ணெல்லாம் கலங்கியிருக்கு என்று கேட்டாள். வீட்டுக்காரர் தனியாக ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன்.