குக்கரில் வெந்த சேறு

இந்த மடலில் வரவேண்டியவை, வரிசையாக:

1. எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்களை எங்கிருந்தும் கொண்டுவர வேண்டாம். கடலோரச் சேற்றிலேயே இருக்கின்றன.
2. எண்ணெய் மட்டும் அவற்றுக்குப் போதாது. நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும்.
3. காற்றுப் புகாத அடிச்சேற்றில் எண்ணெய் அப்படியே கிடக்கும்.
4. உங்கள் அண்ணனுக்கு நீங்கள் சொன்ன பதில்.

வரிசை போடாமல் எனக்கு எழுத வராது என்று உங்களுக்குத் தெரியும், மேடம். எதிரே மேசைமேல் நம் இரண்டு பாட்டில்கள் நிற்கின்றன. பெங்களூர் ஆஸ்டின் டவுன் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு வைட்ஃபீல்டுக்குப் போகிறோம். "அந்தச் சேத்தத் தூக்கிட்டு வந்தீங்கன்னா வாட்ச்மேன் கேட்லயே நிறுத்திடுவான்" என்கிறாள் என் மனைவி. இன்று திறந்தே ஆகவேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், உங்கள் அண்ணன் நண்டு பிடிக்கும் உப்பங்கழியில் ஏதோ ஒரு படகின் டீசல் கசிந்து பரவியது. அவர் ஒரு டப்பாவில் சேற்றையும் ஒரு கேனில் கடல்நீரையும் எடுத்துக்கொண்டு பெங்களூரில் நம் கல்லூரிக்கே வந்துவிட்டார். நீங்கள் நுண்ணுயிரியல், நான் வேதியியல், இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"மேல இருக்கிறது போயிடும்ங்கிற. கால வெச்சா அடியிலேர்ந்து கிளம்புதே, அது போகுமா?"

"போகும்ணே. மெதுவா. யாரும் உள்ள இறங்கி மிதிக்காதீங்க, இன்னும் கீழ போயிடும்."

அவர் நம்பிக் கிளம்பினார். ஆதாரமில்லாமல் சொல்லிவிட்டீர்களே, ஊரே அந்தக் கழியை நம்பி இருக்கிறதே என்று நான் முனகினேன். காற்றில்லாமல் எண்ணெய் எப்படிச் சிதையும்?

"நமக்கு ஆக்சிஜன் வேணும்னா எல்லாத்துக்கும் அதேவா சார்? கடல் தண்ணில சல்ஃபேட் இருக்கு, அதுங்க அத வெச்சு ஓட்டிக்கும்."

அப்படிப்பட்டவை உண்டு என்று படித்திருந்தேன். டீசலைத் தின்னும் என்றுதான் நம்ப முடியவில்லை. சோதிக்க, ஒப்பிடுவதற்கு உயிரில்லாத சேறு வேண்டும். நீராவியில் கிருமி கொல்லும் கல்லூரி ஆட்டோகிளேவ் பழுது. சேறு என் வீட்டுக் குக்கரில் ஏறியது.

"எத்தன விசில் மேடம்?" என்று கேட்டாள் என் மனைவி.

"விசில் கணக்கில்லக்கா. நல்லா வேகட்டும். நாளைக்கும் ஒரு தடவ வைக்கணும்."

"நாளைக்குமா? அப்ப சாருக்கு ரெண்டு நாளும் ஹோட்டல்தான்."

அதன் பிறகு அந்தக் குக்கரில் அவள் சோறு வைக்கவே இல்லை.

ஒரு பாட்டிலில் வெந்த சேறு, மற்றதில் வேகாத சேறு. இரண்டிலும் காற்றுப் போகக் கொதிக்கவைத்து ஆறிய கடல்நீர், சில சொட்டு டீசல், ஒரு சிட்டிகை உரம். வாய்வரை நிரப்பி மெழுகால் அடைத்தோம். எப்போது திறப்பது என்று கேட்டால் "ஸ்வல்ப பொறுங்க சார்" என்று கன்னடம் கலந்து கொஞ்சம் பொறுக்கச் சொல்வீர்கள். பிறகு நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் தள்ளிப்போட்டேன். எண்ணெய் அப்படியே இருந்தால் உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம். போன வருடம் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

இதுவரை காலையில் எழுதியது. இப்போது மாலை. திறந்துவிட்டேன்.

வெந்த சேற்றில் டீசல் நெடி இன்னும் போகவில்லை. நீர்மேல் வானவில் படலம். மற்றதைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை, சல்ஃபேட்டை வைத்து ஓட்டுபவை விடும் அதே வாடை. சேறு மையாகக் கறுத்திருந்தது. நீர்மேல் படலம் இல்லை. வடிதாளைத் தோய்த்து உலர்த்தினேன். எண்ணெய்க் கறை இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்குமோ என்று கழுவியும் பார்த்தேன். மெழுகு வழியே காற்றுப் புகுந்திருக்குமோ என்ற சந்தேகம் மட்டும் இன்னும் இருக்கிறது. ஆனால் மெழுகில் விரிசல் எதுவும் தென்படவில்லை.

மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி எட்டிப் பார்த்தாள். "என்னங்க செத்துப்போச்சு?"

"எதுவும் சாகலம்மா. அதான் விஷயமே."

இரண்டே பாட்டில்களை வைத்துப் பெரிதாகப் பேசக்கூடாது. ஆனாலும் உங்கள் அண்ணனுக்கு நாளை எழுதப்போகிறேன்: உங்கள் தங்கை சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. கறையில்லாத அந்த வடிதாள் என்னோடு வைட்ஃபீல்டுக்கு வருகிறது.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு, மேடம். அந்த வரியை அடித்துத் திருத்தாமல் விட்டிருக்கிறேன், நீங்கள் பார்த்துச் சிரிக்க வேண்டும்.