பிரசங்கத்தில் அழ வேண்டிய இடம்

மிட்சம்,
1621 மார்ச் 6

அன்புள்ள அத்தானுக்கு,

ஜூடித் எழுதுவது. லெட்டிஸ் என்னிடம் பத்திரமாக இருக்கிறாள். அக்காளைப் புதைத்த மறுநாளே குழந்தையை அழைத்து வந்துவிட்டேன் என்று உங்களுக்குக் கோபமாம். கோபம் எனக்கும் இருக்கிறது.

பெண்டாட்டியின் அடக்கத்துக்கு நீங்களே பிரசங்கம் செய்தீர்கள், சரி. கல்லறைப் புழுக்கள் அவளுக்குக் கல்யாணப் பட்டு நெய்கின்றன என்றீர்களே! சபை 'ம்ம்' என்று ரசித்து முனகியது. அது அடங்கும்வரை காத்திருந்து, அழுது, பிரசங்க மேடையிலிருந்த மணற்கடிகாரத்தைத் திருப்பி வைத்து மேலே பேசினீர்கள். என் பின்னால் ஒருத்தி, "பாட்டு எழுதின கையாச்சே, புழுவைக்கூட இனிக்க இனிக்கச் சொல்றாரு பாருடி" என்றாள்.

லெட்டிஸ் என்னிடமே வளரட்டும், அத்தான்.

ஜூடித்

லண்டன்,
மார்ச் 11

பிரியமுள்ள ஜூடித்,

உன் கோபமும் பாசம்தான். துக்கத்தை நீ உள்ளே பூட்டி வைக்கிறாய். நான் ஜன்னலில் விளக்காக ஏற்றி வைக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நல்ல செய்தி ஒன்று. அதே பிரசங்கத்தை அரண்மனையில் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அரசர் நியமிக்கும் பெரிய தேவாலயத் தலைமைப் பதவி காலியாக இருப்பது உனக்கும் தெரியும். லெட்டிஸுக்குக் கறுப்பு உடுத்தி அனுப்பு. மேடைக்குக் கீழே, எல்லார் கண்ணிலும் படும்படி உட்காரட்டும். தாயில்லாப் பிள்ளையின் முகம் என்னைவிட நன்றாகப் பேசும். வியாழனன்று வண்டி வரும்.

உன் அத்தான்,
ஆம்புரோஸ் தர்ல்பி

மிட்சம்,
வியாழன்

திரு. தர்ல்பி அவர்களுக்கு,

வண்டி காலியாகத்தான் திரும்பி வரும்.

உங்கள் கடிதத்தைக் குழந்தைக்கு வாசித்துக் காட்டினேன். "சித்தி, அப்பா அதே இடத்துலதான் அழுவாரா?" என்றாள்.

"எந்த இடம்டி?"

பிரசங்கத்தைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்வது உங்கள் வழக்கம். இந்த அடக்கப் பிரசங்கத்தை அப்படிச் சொல்லிப் பார்த்தபோது பக்கத்து அறையில் அக்காள் உயிரோடு படுத்திருந்தாள்.

"அப்பா தினமும் அழுது பாப்பாரு, சித்தி. அம்மாவுக்கு எல்லாம் கேக்கும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, 'முதல்ல அழவேணாம், புழு வந்தப்புறம் அழுதா நல்லாயிருக்கும்னு அப்பாகிட்ட சொல்லு'ன்னாங்க."

குழந்தை வந்து சொன்னாளாம். நீங்களும் மாற்றிக்கொண்டீர்களாம்.

உங்களை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. குழந்தை வேண்டுமென்றால் நீதிமன்றத்துக்கு வாருங்கள். என்னிடம் சொன்னதை அங்கேயும் அவள் சொல்லட்டும்.

ஜூடித்