தப்பு எங்கே என்று சொல்லாதே

9 நவம்பர் 2009, ராமநாதபுரம்

காலையிலேயே கடலாடி சேவை மையத்திலிருந்து மருதுபாண்டி போன். மிளகாய்ப் பயிர்க் காப்பீட்டுக்கு விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் பதிகிறவன். "அக்கா, திரும்பவும் பேட் ரெக்வஸ்ட்டுன்னே வருது. எது பேடுன்னு சொன்னாத்தான திருத்த முடியும்?"

நியாயம்தான். விண்ணப்பத்தில் எது தப்பானாலும் நான் எழுதிய சர்வர் 400 என்று ஒரு எண்ணை வீசிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. தேடிப் பார்த்தேன்: கணவர் பெயர் காலி. வந்தவர்களெல்லாம் பெரியம்மாக்கள். புருஷன் பேரை வாயால் சொல்வார்களா?

13 நவம்பர்

முடித்துவிட்டேன்! இனி எந்தக் கட்டம், என்ன பிழை, எப்படித் திருத்துவது எல்லாம் தமிழிலேயே பதிலாகப் போகும். "கணவர் பெயர் இல்லை. கேட்டால் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கார்டைப் பாருங்கள்."

பக்கத்து சீட் பூமிநாதன் விழுந்து விழுந்து சிரித்தான். கல்லூரியிலிருந்தே கூட இருப்பவன். அவன் வீட்டிலும் மிளகாய்தான். "நாகு, இது எங்க ஆத்தாளுக்கே வெளங்கும்" என்றான்.

22 நவம்பர், ஊரில்

அம்மா தெருத்தெருவாகச் சொல்லி வைத்திருக்கிறாள். "ஏம் மக எழுதுனது. தப்புன்னா அதுவே எடுத்துச் சொல்லும். பயப்படாமப் போங்க." வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

3 டிசம்பர்

பூமி சென்னைக்குப் போய்க் காப்பீட்டுக் கம்பெனியில் இதைக் காட்டிவிட்டு வந்தான். "எல்லாம் ஓகே" என்றான்.

11 டிசம்பர்

மருதுபாண்டி: "அக்கா, பழையபடி வெறும் 400தான் வருது."

திறந்து பார்த்தேன். என் பதில்கள் ஒன்றுகூட இல்லை. மாற்றியவன் பூமிநாதன்.

"கம்பெனிக்காரங்க சொன்னாங்க நாகு. ரொம்பப் பேரு காப்பீட்டுக்குள்ள வந்துர்றாங்களாம். தப்பு எங்கன்னு சொல்ல வேணாமாம்."

விண்ணப்பிக்கக் கடைசி நாள் செவ்வாய்க்கிழமை! "நீ என்ன சொன்ன?"

"சரின்னேன். ஜனவரியில அங்கயே வேலைக்கு எடுத்துக்கிறாங்க."

"ஒங்க ஆத்தாளும் மிளகாதானடா போட்டுருக்கு?"

"எங்க வீட்டுது முன்னாடியே பதிஞ்சிட்டேன்."

அடப்பாவி! பதிஞ்சிட்டுத்தான் மாத்துனியா? கூடவே உக்காந்து தின்னியேடா. சிரிச்சியே — அப்பவே மனசுல இருந்துச்சா? நம்புனேனே, என்னைச் சொல்லணும்.

14 டிசம்பர்

சனி, ஞாயிறு முழுக்க சர்வரில் பிழைகளைப் பார்த்து, மையம் மையமாகப் போனில் சொன்னேன். இன்று என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. பூமிநாதன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

15 டிசம்பர்

முடிந்தது.

20 டிசம்பர், ஊரில்

அம்மாவின் விண்ணப்பமும் ஏறவில்லை. எந்தக் கட்டத்தில் பிழை என்று மருதுபாண்டிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு ராக்கு பெரியம்மா வாசலோடு போனாள். கூப்பிட்டேன். காது கேட்காதவள் போல நடந்தாள்.

நடந்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பூமிநாதன், கம்பெனி, எல்லாம். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள்.

"அந்தப் பய பேரு இங்கன யாருக்குத் தெரியும்?" என்றாள். "ஊரு பூரா ஒம் பேரத்தான சொல்லி வச்சிருக்கேன்."