நிழல் எப்போது வேண்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம். அம்மாவும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் அதை அவளிடம் கேட்டு எழுத வழியில்லை, அவள் என்னோடு பேசி இன்றோடு மூன்று நாள். சண்டை போனில் சொல்லுகிற மாதிரி இல்லை, போன் இருப்பது அவள் தலைமாட்டில், அதனால்தான் கடிதம். இதை எழுத உட்கார்ந்து நான்கு தடவை எழுந்துவிட்டேன், ஒருமுறை குழாய் மூடியிருக்கிறதா பார்க்க, மற்றதெல்லாம் சும்மா.

இடுப்பு ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து அம்மாவின் கட்டில் முன்னறை ஜன்னலோரம் கிடப்பது உனக்குத் தெரியும், பாத்ரூம் பக்கம் என்று நாம்தான் போட்டோம். அந்த ஜன்னல் மேற்கே பார்த்தது. மத்தியானம் இரண்டு மணிக்குள் வெயில் அவள் காலடியில் ஏறி, ஆறு மணிவரை மடியிலேயே உட்கார்ந்திருக்கும். திரை போட்டால் பெட்டிக்குள் வைத்து மூடின மாதிரி இருக்கிறது என்கிறாள், எடுத்தால் முகம் சிவந்துபோகிறது. பிசியோதெரபி பெண் வாரம் மூன்று நாள் வருகிறாள், அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசற்படிவரை போய் நிற்பாள், அந்த மூன்று படி மட்டும் இறங்கமாட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் போய்விட்டது. அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படியே விட்டா காலு மடங்காம போயிடும் சார்" என்றாள். அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அவள் காலுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது, வெயிலுக்காவது ஏதாவது செய்யலாம் என்று நர்சரிக்குப் போனேன்.

நல்ல நிழல் தரும் என்று மனதில் இருந்தது புங்கமரம். நர்சரிக்கார அம்மா காட்டிய கன்று என் முழங்காலுக்கு வந்தது. ஜன்னலுக்கு நிழல் விழ ஆறேழு வருஷமாவது ஆகுமாம். அதோடு சுவரிலிருந்து நாலடியில் நம் கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது. முப்பத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் குழாய் அடைப்பு எடுத்தவன் நான். தலைமுடி மாதிரி ஒரு வேர் குழாய் இணைப்பில் நுழையும், அடுத்த வருஷம் உள்ளே கயிறு திரித்த மாதிரி நிறைந்து கிடக்கும். தெரிந்தே அதை என் வீட்டில் வைப்பேனா? அப்புறம் நர்சரிக்கார அம்மா அழகுக்கு வைக்கும் புல்லைக் காட்டினார். புல் என்றதும் தரையில் படர்வது என்று நினைத்துக்கொள்ளாதே, இது குத்துக் குத்தாக ஆள் உயரம் நிற்கும், நுனியில் அணில் வால் போலக் கதிர் விடும். வேர் மேலாக்கத்தான் ஓடும், குழாய்க்குப் பயமில்லை, வருஷத்துக்கு ஒருமுறை ஒட்ட வெட்டிவிட்டால் போதும். மரம் மாதிரி தலைக்குமேல் குடை பிடிக்காது, உட்கார நிழல் கிடைக்காது, ஆனால் சாய்ந்து வருகிற வெயிலை மறித்துவிடும். நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றதில் அந்த அம்மாவுக்கு அலுத்துப்போய், "நிழல் உங்களுக்கு எப்ப வேணும், அதச் சொல்லுங்க, நான் செடியச் சொல்றேன்" என்றார். இந்த வெயிலுக்கே வேண்டும் என்று வாயில் வந்துவிட்டது. ஏற்கெனவே இடுப்பளவு வளர்ந்த ஆறு தொட்டிகளை எடுத்து வைத்தார்.

செவ்வாய்க்கிழமை அம்மா சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் ஜன்னலுக்கு நேராக ஆறையும் நட்டேன். எழுந்து பார்த்தவள் என்ன இது என்று கேட்டாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்து, மரம் என்றால் ஏழு வருஷம், இது இரண்டே மாதம் என்று ஆபீசில் அறிக்கை வாசிக்கிற மாதிரி சொன்னேன். "ஏழு வருஷம் நான் இருக்கமாட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்றாள். நான் குழாயைப் பற்றி ஆரம்பித்தேன். "குழாய விடுங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள். உன்னிடம் மறைத்து என்ன, நர்சரியில் அந்த அம்மா எப்ப வேணும் என்று கேட்டபோது என் மனதில் ஓடினது அதுதான். குழாய் அதற்கு அப்புறம் கிடைத்த சாக்கு. அம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள், திரையை அவளே இழுத்து மூடிவிட்டாள். அதிலிருந்து நான் பக்கத்தில் நிற்கும்போதே அந்தப் பிசியோ பெண்ணிடம், "டீ ஆறுதுன்னு சார்கிட்ட சொல்லிடும்மா" என்கிறாள். அந்தப் பெண்ணும் திரும்பி என்னிடம் சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறாள்.

நேற்று இதோடு நிறுத்தினேன், இப்போது வெள்ளிக்கிழமை மத்தியானம். காலையில் மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பினால் கட்டில் காலி. வாக்கரையும் காணோம், பாத்ரூமிலும் இல்லை. வெளியே வந்து பார்க்கிறேன், அம்மா படிக்குக் கீழே, புல் பக்கத்தில், ஈர மண்ணில் வாக்கர் புதைய நிற்கிறாள். எப்படி இறங்கினாய் என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள், வாக்கரை முதலில் கீழே தள்ளிவிட்டாளாம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குழந்தை இறங்குவது போலப் பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினாளாம். புல்லைப் பிடுங்கத்தான் வந்தேன் என்றும் சொன்னாள். பிடுங்கவில்லை. ஒரு புல் தாளைப் பிடித்து விரலில் சுற்றிக்கொண்டே, "இது இருந்துட்டுப் போகட்டும், வெயில் இப்பவே அடிக்குதுல்ல" என்றாள். பிறகு வாசல் கேட் பக்கத்து மூலையைக் காட்டி, "மரத்த அங்க வைங்க, அங்க உங்க குழாய் போகல" என்றாள். அது சரிதான், குழாய் பதித்த அன்று அளக்கும் டேப்பின் மறுமுனையைப் பிடித்தவளே அவள்தான், நான்தான் மறந்துபோனேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை, அங்கே வைத்தால் எத்தனை வருஷமானாலும் உன் ஜன்னலுக்கு நிழல் வராதே என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஜன்னலுக்கு எதுக்கு? நான் அங்க போய் உட்காந்துக்கறேன்" என்றாள்.

திரும்பப் படி ஏறக் கால் மணி நேரம் ஆனது, நான் பின்னால் கையை விரித்துக்கொண்டே வந்தேன், தொடவிடவில்லை. இடுப்பு வலிக்கிறது என்று படுத்திருக்கிறாள். பிசியோ பெண்ணுக்குப் போன் செய்தால் அம்மாவை விட்டுவிட்டு என்னைத் திட்டுகிறாள். எனக்குத் தனியாக மறுபடி இறங்கிவிடுவாளோ என்று ஒரு பயம், இறங்காமல் போய்விடுவாளோ என்று இன்னொரு பயம். மூலையில் குழி பாதி வெட்டியாயிற்று, மீதியை வெயில் தாழ்ந்ததும் வெட்டிவிட்டுக் கன்று வாங்கப் போகிறேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று முதுகை ஒடித்துக்கொள்ளாதே, மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் என் ஆசிகள், மூவரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை பேசும்போது படி இறங்கின கதையை அம்மாவே சொல்லட்டும், நீ முதல்தடவை கேட்கிற மாதிரி கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா