மேலே ஏறாத நான்கு

நிலவின் தென்துருவப் பனிச்சுரங்கம்
மேல்தளப் பதிவு. எழுதுபவர்: குறிப்பேட்டுப் பொறியாளர் இளம்பரிதி

நாள் 304 | 10:15
கீழ்த்தளத்துக்காரர்கள் குறிப்பேட்டைக் குப்பைமேடாக்குகிறார்கள். நிலையம் முழுவதும் எழுதும் இணையக் குறிப்பேடு ஒன்றுதான், பராமரிப்பவன் நான். சேமிப்பிடத்தில் எழுபது சதவீதம் படங்கள். எல்லாம் உணவுப் பொட்டலத்தின் பின்பக்கம் எழுதிய கணக்குகள். குறிப்பேட்டில் சமன்பாடு எழுத முடியாது. மேலே ஏற்றி எழுதும் எண் கீழே இறங்கிவிடும். அந்த வசதி கேட்டு கம்ப்ரசர் இயக்கும் எஸ்தர் கனியிடமிருந்து பத்தொன்பதாவது மனு. "பயனர் குறைவு" என்று மூடினேன். படங்களை நீக்கினேன். மற்றவை சீர்.

நாள் 311 | 09:40
சுரங்கத்தில் குளிர்காப்பு உடைந்தது. லிஃப்ட் உறைந்து நின்றுவிட்டது. எஸ்தரோடு சேர்த்துக் கீழே இந்த ஷிஃப்டில் பன்னிரண்டு பேர். காற்றுக் குழாயின் உள்ளே பனி படிந்து ஆரம் பாதியாகிவிட்டது. மேல்தளத்தின் மற்ற ஐவரும் ஷிஃப்ட் இல்லாதவர்களும் இறங்குதளத்துக்குப் போயிருக்கிறார்கள்; மேலே நான் மட்டும்.
இந்த நிலைமைக்கென்றே எஸ்தர் எழுதிய குறிப்பு இருக்கிறது: "காத்து ஆரம்4 அளவுக்கு மாறும். படம் பார்க்க."
படம் இல்லை.
நான்கால் பெருக்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அப்படியென்றால் ஆரம் பாதியானால் காற்றும் பாதி. இங்கிருந்தே கம்ப்ரசர் அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினேன்.

நாள் 311 | 10:25
கீழிருந்து குறிப்பேட்டில் எஸ்தர்: "அழுத்தம் இன்னா சார் வெச்சிக்கிறீங்க? எல்லாருக்கும் மூச்சு வாங்குது."
நான்: "இரண்டு மடங்கு."
"ரெண்டா? படத்தப் பாக்கலியா? நாலு மேல ஏறி நிக்கணும் சார். ஆரத்த ஆரத்தாலயே நாலு வாட்டி பெருக்கணும். ஆரம் பாதின்னா காத்து பாதி இல்ல, பதினாறுல ஒரு பங்கு."
"படங்களை நான் நீக்கிவிட்டேன்."
எஸ்தர்: "நல்லாத்தான் வூட்டப் பெருக்கிக்கிறீங்க."

நாள் 311 | 10:50
பதினாறு மடங்கு வேண்டும்; கம்ப்ரசர் ஆறு மடங்குக்கு மேல் போகாது. அதை ஆறிலும் குழாய் ஹீட்டரை முழுச் சூட்டிலும் 10:27க்குத்தான் வைத்தேன். 9:40க்கே வைத்திருக்க வேண்டும். பனி உருக இரண்டு மணி நேரம் வேண்டும். அவர்களிடம் ஒரு மணி நேரக் காற்று இருக்கிறது.
பின்னால் இதைப் படிப்பவர் தெரிந்துகொள்ளட்டும். மேல்தளத்தில் ஆறு பேருக்குச் சமன்பாடு எழுதத் தனி மென்பொருள் உண்டு. கீழ்த்தளத்தில் நாற்பது பேர். "ஒப்பந்தக் கூலிக்கு எதுக்குய்யா வர்க்கமூலம்?" என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் அப்பா ஒப்பந்தக் கூலியாகக் கொதிகலன் கசடு சுரண்டியவர். அதை அங்கே நான் சொல்லவில்லை.

நாள் 311 | 11:05
எஸ்தர்: "அங்க குந்திக்கினு அழுவாதீங்க சார். அந்த நாலு மேல ஏறுறதுக்கு வழி பண்ணுங்க. அடுத்த ஷிஃப்டாவது பொழைக்கட்டும். பண்ணிட்டு அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்."

நாள் 311 | 11:48
முடித்துவிட்டேன். நாற்பத்து மூன்று நிமிடம்தான் ஆனது. பத்தொன்பது மனுக்களை மறுத்து எழுத இதைவிட அதிக நேரம் செலவழித்திருப்பேன்.
அனுப்பினேன்: "ஆரம்⁴. சரியா, எஸ்தர்?"

நாள் 311 | 11:56
அனுப்பினேன்: "நான்கு மேலே நிற்கிறதா? திட்டியாவது எழுது."

நாள் 311 | 12:40
பனி உருகிவிட்டது. குழாயில் காற்று தடையில்லாமல் ஓடுகிறது. இங்கிருந்தே இரைச்சல் கேட்கிறது.
அனுப்பினேன்: "யாராவது ஒருவர். ஒரு புள்ளி வைத்தால் போதும். ஆரம்⁴. பார்த்துச் சொல்லுங்கள்."

நாள் 311 | 13:15
ஆரம்⁴. பார்த்துச் சொல்லுங்கள்.