பிரசங்க மேடையில் ஒரு மீட்டர்

ஜூன் 14, ஞாயிறு, பகல் 12.10. சபைக்கு வந்தவர்கள் 186. மூன்று வாரத்தில் காய்ச்சல் கண்டவர் ஒருவரும் இல்லை.

அன்புள்ள அம்மா, மூட்டுவலி தேவலையா? நான் நலம். நோய் பரவும் நேரம், மூன்று வாரக் கெடுவுக்குள் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் தேவாலயத்துக்குப் பூட்டு என்று சுகாதார அதிகாரி சொல்லியிருந்தார். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஆட்கள் விடும் மூச்சை எண்ணில் காட்டி, காற்று கெட்டால் கத்தும் மீட்டரைப் பிரசங்க மேடையில் வைத்தேன். இன்று போதகர் முழங்கிக்கொண்டிருக்கும்போதே கத்தியது. எல்லாரும் முற்றத்துக்கு வந்தோம்.

"என் பிரசங்கத்தையே நிறுத்திட்டியே தம்பி!" என்றார் போதகர்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி கத்தியிருக்கலாம் ஐயா" என்றார் முன்வரிசை அக்கா.

சோதனைக்கு வந்திருந்த அதிகாரியும் சிரித்துவிட்டார். கெடு முடிந்தது, பூட்டு இல்லை. ஜெயித்துவிட்டோம் அம்மா!

மீட்டர் மாட்ட அப்பாவின் ஸ்க்ரூடிரைவர் செட்டை அனுப்புங்கள். அவசரம். இனி:

1. ஞாயிறு பள்ளிக்கும் மீட்டர் வைப்பேன்.
2. பாடகர் குழுவை முற்றத்தில் பாடவைப்பேன்.
3. மீட்டரை இனி ஜன்னல் திறந்த என் அறையில் சோதிக்க மாட்டேன். ஒரே ஆள் விடும் மூச்சுக்கு எண் ஏறவே மாட்டேன் என்கிறது.