பதிவேட்டில் எழுதிய பெயர்

அன்புள்ளவருக்கு,

உங்கள் தங்கை நலம். நேற்று வயிற்றிலிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இல்லை. காலையில் அரை டம்ளர் பால் குடித்துவிட்டு, "இன்னும் எத்தனை நாளைக்கு என்னைப் பால்குடிப் பிள்ளையாவே வச்சிருப்பீங்க?" என்று டாக்டரையே மடக்கினாள். வாய் திரும்பிவிட்டதென்றால் உடம்பும் திரும்பிவிடும்.

என் நலத்தைக் கேட்காதீர்கள். போனில் சொல்லலாம் என்று மூன்று நாள் பார்த்தேன். நீங்கள் அழைத்ததும் அத்தை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அதனால்தான் அவள் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு பழைய பைலை வைத்து இதை எழுதுகிறேன்.

மருத்துவமனை நிர்வாகத்துக்கு நீங்கள் அனுப்பிய புகார் வேலை செய்துவிட்டது. அன்று அவசரப் பிரிவில் இருந்த நர்ஸை, விசாரணை முடியும்வரை பணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "அந்தப் பொம்பளைய விடவே கூடாது" என்று நீங்கள் போனில் கத்தியபோது நானும் "ம்" என்றேன். அந்த "ம்"மைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததை முழுதாகக் கேளுங்கள். முதல் நாள் மாலையே அவளுக்கு வலி தொடங்கியது. அத்தை வாயு என்று வெந்நீர் கொடுத்தார். மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு வலி வலப்பக்கம் இறங்கி, நிமிர முடியாமல் போக, பதினொரு மணிக்கு எங்கள் மருத்துவமனைக்கே அழைத்து வந்திருக்கிறார். "மருமக வேலையில இருக்கா, அவளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்" என்று எனக்குச் சொல்லவில்லை. மாடியில் எங்கள் லேபுக்கு வரும் ரத்தச் சோதனைக் குழாயில் பெயர் இருக்காது. எண் மட்டும்தான். அவள் ரத்தம் என் கைக்கு வந்தது, நான்தான் மெஷினில் வைத்தேன்.

அதில் இரண்டு சோதனை. வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை பத்து நிமிடத்தில் வந்துவிடும். அவளுக்கு ஒன்பதாயிரத்து எண்ணூறு, அதாவது சரியான அளவு. இன்னொன்று சிஆர்பி. உடம்புக்குள் எங்காவது அழற்சி மூண்டால் ஏறும். அது வர முக்கால் மணி நேரமாகும். டியூட்டி டாக்டர் முதல் தாளை மட்டும் பார்த்துவிட்டு, "கவுண்ட் நார்மல், அப்பெண்டிக்ஸ் எல்லாம் இல்லை" என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். குடல்வால் அழுகிக்கொண்டிருக்கும்போதும் கவுண்ட் நார்மலாக இருக்கலாம் என்று லேப் படிப்பு மட்டும் படித்த எனக்கே முதல் வருடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அடுத்த தாள் வரும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. அவர் முகத்தை வராந்தாவில் பார்த்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஆனால் அவரோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

சிஆர்பி நூற்று நாற்பத்தெட்டு வந்தது. பத்துக்குள் இருக்க வேண்டியது. நூறைத் தாண்டினால் உடனே கீழே அவசரப் பிரிவுக்குப் போன் செய்து, எடுத்தவர் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. செய்தேன். மூன்று முறை மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. எனக்கு முன்னால் முப்பது குழாய்கள் வரிசையில் நின்றன. எங்கள் லேபில் ஒரு பழக்கம் உண்டு. மூன்று முறை மணி அடித்தும் எடுக்காவிட்டால், சுவரில் ஒட்டிய டியூட்டி பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அதை எழுதி, பக்கத்தில் "தகவல் சொல்லப்பட்டது" என்று போட்டுவிடுவோம். புதிதாகச் சேருபவர்களுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுக்கும் முன் இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவோம். நானே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! ரிப்போர்ட் கம்ப்யூட்டரில் போகுமே, யாராவது பார்க்காமலா போவார்கள் என்று ஒரு சமாதானம்.

அன்றும் அப்படித்தான் அந்த நர்ஸின் பெயரை எழுதினேன். மணி பன்னிரண்டு பத்து. அத்தையும் அவளும் அந்த நேரத்தில் மருந்துக் கவுண்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களாம், கூட்டம் குறையட்டும் என்று இருபது நிமிடம். நான் ஒரு மாடி இறங்கியிருந்தால் போதும்.

மறுநாள் மதியம் சுருண்டு விழுந்தாள். குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ். அறுவை சிகிச்சைக்குப் பிறகு குழாய் வழியாக அது பையில் வடிந்த நாற்றத்தில் அத்தை வெளியே ஓடிவிட்டார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பதினொரு வருடமாக இதோடுதானே பிழைப்பு. லேபுக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டி, அந்த எண்ணுக்கு எதிரே என் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் கழிவறைக்கு ஓடினேன்.

லேப் பொறுப்பாளரிடம் சொன்னேன். "ரெஜிஸ்டர் கிளியரா இருக்கும்மா. நீ வாயைத் திறந்து எல்லார் சோத்துலயும் மண்ணைப் போடாதே" என்றார். சொல்லிவிட்டு, நிதானமாகப் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டார்.

நேற்று அந்த நர்ஸ் சீருடை இல்லாமல் பார்வையாளர் நேரத்தில் வந்தார். உங்கள் தங்கையைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு என்னை வராந்தாவுக்கு அழைத்தார். "எவ்வளவு யோசிச்சாலும் அந்த போன் ஞாபகம் வரல மேடம். அன்னைக்கு ஒரு விபத்து கேஸ், ஒரே ஓட்டம். எடுத்திருப்பேன், மறந்துட்டேன் போல. மன்னிச்சிடுங்க" என்றார். எடுக்காத போனை எடுத்ததாகவே நம்பிவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் தோளைத் தட்டி, "பரவாயில்ல சிஸ்டர்" என்றேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் செய்தவளே பழி சுமப்பவரை மன்னித்து அனுப்பினாள். தூ!

நிர்வாகத்துக்கு நடந்ததை எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கொடுப்பேன். இது உங்கள் கைக்கு வரும்போது எனக்கு வேலை இருக்காது. உங்கள் அனுமதியைக் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சற்று முன் உங்கள் தங்கையிடம் சொல்லிவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "தண்ணி குடுங்க அண்ணி" என்றாள். கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டாள். அத்தையிடம் இன்று மாலை சொல்வேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் புகாரைத் திரும்ப எழுதுங்கள். நர்ஸின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். "விடவே கூடாது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மாற்ற வேண்டாம்.

தனியாக இருக்கிறீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வயிறு வலித்தால் வாயு என்று இருந்துவிடாதீர்கள். ஒரு தாளைக் காட்டித் திருப்பி அனுப்பினால், அடுத்த தாள் எங்கே என்று கேளுங்கள். அது வரும்வரை அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி என்று எழுதிக்கொள்ளலாமா என்று தெரியாதவள்